கோழிக்கு எது பகல்?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி 20 நிமிடம். ஏற்காட்டிலும் அப்படித்தான். லண்டனில் இது 8 மணி நேரத்துக்கும் மேல். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இவ்வளவு சின்ன வித்தியாசம் பறவைக்கு உறைக்காது என்று வெகுகாலம் நினைத்தார்கள்.

பனாமா நம்மைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருக்கம். அங்கே படையெறும்புகள் பின்னாலேயே போய் இரை பிடிக்கும் ஒரு சிறு குருவி உண்டு. 1998-இல் வெளியான ஆய்வில், அதற்குப் பகலை 12 மணி நேரத்திலிருந்து வெறும் 17 நிமிடம் நீட்டினார்கள். இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன, பாட்டும் கூடியது!

பகலின் நீளத்தை உடம்பு எப்படி அளக்கிறது? எர்வின் புன்னிங் என்ற ஜெர்மானியர் 1936-இல், அதுவும் செடிகளை வைத்து, ஒரு விளக்கம் சொன்னார். உடம்புக்குள் ஒரு நாள் கடிகாரம் ஓடுகிறது. அதில் ஒரு பாதி இருட்டை எதிர்பார்க்கும் பாதி. அந்த நேரத்தில் வெளிச்சம் பட்டால், பகல் நீண்டுவிட்டது என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். பறவைக்கு அந்த வெளிச்சம் கண் வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் இருக்கும் செல்களையே தொடும்.

ஆத்தூர், தலைவாசல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பிழைப்பு. முட்டையிடும் லேயர் கோழிக்குச் சூரிய வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் சேர்த்து 16 மணி நேரம் என்பது வழக்கம். வளரும் குஞ்சுக்கு வெளிச்சத்தைக் கூட்டக் கூடாது. உடம்பு தேறுமுன் சின்ன முட்டையாக இட ஆரம்பித்துவிடும். முட்டையிடும் கோழிக்குக் குறைக்கக் கூடாது.

வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கும் அம்மாமார்கள் ஒன்று கவனித்திருப்பீர்கள். இன்று காலை எட்டு மணிக்கு முட்டை, நாளை ஒன்பதுக்கு, அப்புறம் பத்தரைக்கு என்று தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் முட்டையே இருக்காது. ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகிறது. ஆனால் கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோன் இரவில் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள்தான் பெருகும். அந்த நேரம் தவறினால் ஒரு நாள் லீவு. கோழியைத் திட்டிப் பயனில்லை.

ஆட்டுக்கும் இப்படித்தானா என்று மேச்சேரி ஆடு வளர்ப்பவர்கள் கேட்கலாம். குளிர்நாட்டு ஆடுகள் பகல் குறையும்போதுதான் இணை சேரும். நம் ஊர் ஆட்டுக்கு அந்தக் கண்டிப்பு இல்லை, தீவனம்தான் முக்கியம்.

பண்ணைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பல்பை நேரத்துக்குப் போட்டு அணைக்கும் டைமரில் பேட்டரி இல்லாவிட்டால், கரண்ட் போன நேரமெல்லாம் அது பின்தங்கும். வாரம் ஒரு முறையாவது கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள்.