வனத்து அந்தோனியார் கையில் ஒரு போன்

நடுவர் அம்மா அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைய கிறிஸ்தவரின் விசுவாச வாழ்க்கையைச் சிதறடிப்பது நவீன கலாசாரமா, அவருடைய மனமா? இதுதான் கேள்வி. மனம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

சொல்வதற்கு நிறையவே குறித்து வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி இரண்டு கேள்விகளை வீசிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

முதல் கேள்வி என்னைப் பற்றியது. "அந்த அணி அக்கா மேடையில் உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை போனை எடுத்துப் பார்த்தார்கள், நான் எண்ணினேன். அவர்களே எங்கள் கட்சிக்குச் சாட்சி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஆமாம் தம்பி, பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். எதற்காக என்று கடைசியில் சொல்கிறேன், மறக்க மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு அதைவிடப் பெரிய கைதட்டல். "இவர்கள் பாலைவனத்துத் துறவிகளைப் பற்றிப் பேசுவார்கள். வனத்து அந்தோனியார் கையில் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே வாரம்! அப்புறம் வனம் ஏது, தவம் ஏது?"

தம்பி, அந்தோனியார் கையில் போனைக் கொடுக்க வேண்டியதே இல்லை. போன் இல்லாமலேயே அவர் பட்ட பாடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எகிப்தில் இருபது வயதை ஒட்டிய இளைஞர், சுவிசேஷ வாசகம் ஒன்று காதில் விழுந்ததும் சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டுத் தனிமைக்குப் போனார். அவருடைய வரலாற்றை எழுதிய அத்தனாசியுஸ், முதல் சோதனை எப்படி வந்தது என்றும் சொல்கிறார். பூதமும் மிருகமும் அப்புறம்தான் வருகின்றன. முதலில் வந்தது நினைவு. விட்டுவிட்டு வந்த சொத்தின் நினைவு. உறவுகளின் நினைவு. தங்கையை விட்டுவிட்டு வந்தோமே, அவள் எப்படி இருக்கிறாளோ என்ற கவலை. அப்போது அவர் இருந்தது ஊருக்கு வெளியே ஒரு தனி இடம். அங்கே சினிமா இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அங்கேயும் மனம் ஓடியிருக்கிறது. ஓட வைத்தது எந்தக் கலாசாரம், சொல்லுங்கள்.

அந்தோனியார் கி.பி. 356இல் இறந்தார். அடுத்த தலைமுறையில் அதே எகிப்துப் பாலைவனத்துக்கு இன்னொருவர் வருகிறார், எவாக்ரியுஸ். கான்ஸ்டான்டிநோபிள் என்ற பெரிய தலைநகரில் பேர் பெற்ற பேச்சாளராக இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். அவர் ஒரு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் அதற்கு அக்கேதியா என்று பேர். துறவிகள் அதை நடுப்பகல் பேய் என்றார்கள். காலை பத்து மணிக்கு வரும், மதியம் இரண்டு மணி வரை போகாது. அது என்ன செய்யும் என்பதை எவாக்ரியுஸ் எழுதியபடியே என் வார்த்தையில் சொல்கிறேன். இது சட்டென்று தாண்டிப் போகிற விஷயம் இல்லை, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு துறவி தன் சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வேதம் திறந்திருக்கிறது. திடீரென்று சூரியன் நகரவே இல்லையோ என்று தோன்றுகிறது. ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பது போல இழுக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்புகிறார். எழுந்து வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்க்கிறார், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று. அப்படியே இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், சகோதரர் யாராவது வருகிறாரா என்று. யாரும் வரவில்லை. உள்ளே போகிறார். இப்போது அந்த அறையே பிடிக்கவில்லை. செய்கிற கைவேலையும் பிடிக்கவில்லை. இங்கே அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றுகிறது. அண்மையில் யாரோ மனம் நோகச் சொன்ன சொல் ஞாபகம் வருகிறது. வேறோர் இடத்துக்குப் போனால் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும், கடவுளை எங்கே இருந்தும் கும்பிடலாமே என்று நியாயம் வேறு வருகிறது. வீட்டு நினைவு வருகிறது, பழைய வாழ்க்கை நினைவு வருகிறது.

எழுதி ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது இதே கதையை, எதையும் மாற்றாமல், இன்னொரு தடவை சொல்கிறேன்.

ஒரு பெண் தன் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வேதாகமம் திறந்திருக்கிறது. ஒரு அதிகாரம் படிப்பதற்குள் நேரம் இழுக்கிறது. மணி என்ன என்று பார்க்கிறாள். பார்க்க எடுத்தது போன். அந்தத் துறவிக்கு ஜன்னல், இவளுக்குத் திரை. இந்தப் பக்கம் தள்ளுகிறாள், அந்தப் பக்கம் தள்ளுகிறாள், யாராவது ஏதாவது அனுப்பியிருக்கிறார்களா என்று. யாரும் இல்லை. நேற்றுப் போட்ட படத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருக்கும் என்மேல் அன்பில்லை என்று தோன்றுகிறது. குழுவில் ஒரு அம்மா சுருக்கென்று எழுதியது ஞாபகம் வருகிறது, மேலே போய் அதை மறுபடி படிக்கிறாள். அப்புறம் வேறொரு சபையின் ஆராதனைப் படம் கண்ணில் படுகிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது, அங்கே போனால் எனக்கும் ஜெபம் வரும் என்று தோன்றுகிறது. கூடவே பள்ளித் தோழியின் வீடு, அவளுடைய பிள்ளைகள், அவளுடைய பயணங்கள்.

தம்பி, இரண்டும் ஒரே ஆள். ஒருவர் கையில் போன் இருக்கிறது, ஒருவர் கையில் இல்லை. நீங்கள் கொடுக்கச் சொன்ன போனை அந்தத் துறவிகள் அப்போதே நெஞ்சுக்குள் வைத்திருந்தார்கள்.

இந்த நோய்க்கு எவாக்ரியுஸ் சொன்ன மருந்தையும் கேளுங்கள். அறையை விட்டு ஓடாதே, உட்கார். அழுகை வந்தால் அழு. இந்தப் பேயோடு போராடி நின்றவனுக்கு அடுத்ததாக இன்னொரு பேய் வருவதில்லை. அமைதியும் சொல்லில் அடங்காத ஒரு மகிழ்ச்சியும் வரும் என்கிறார். ஜன்னலை அடைத்துவிடு என்று அந்த இடத்தில் அவர் சொல்லவில்லை.

எதிரணி சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது நேர்மை இல்லை. கீழே போகப் போக முடிவே வராத திரை ஒன்று இருக்கிறதே, அதை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் பிறகு அதற்காக வருந்துவதாகச் சொன்னார். பக்கம் முடிகிற இடத்தில்தான் மனிதன் நிமிர்ந்து பார்ப்பான், நிறுத்தலாமா என்று யோசிப்பான். அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். நம்மைப் பிடித்து வைப்பதற்காகவே இவையெல்லாம் செய்யப்படுகின்றன என்பது நிஜம், பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அது பெரிய பயமும் கூட.

ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒரு லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், போனை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். முதல் நாள் காலை முழங்காலில் நின்றேன். வீடு அமைதியாக இருந்தது. நாலு நிமிஷம் கூட ஆகியிருக்காது, பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை வந்து நின்றது. அவருக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் யோசித்திருக்கிறேன். ஜெபம் அங்கேயே நின்றுவிட்டது. பீரோ பூட்டியபடியேதான் இருந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது, நான் மன்னிக்காமல் வைத்திருந்தது எது என்று. போன் கையில் இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது, வேறு ஏதாவது வந்து அதை மூடியிருக்கும்.

புனித அகுஸ்தினார் இதைவிட எளிமையாகச் சொல்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈ பிடிப்பதைக் கண்டாலும் தன் கவனம் அங்கே போய்விடுகிறது என்று கடவுளிடமே அறிக்கையிடுகிறார். எவ்வளவு பெரிய ஞானி! ஒரு பல்லி போதுமாக இருந்திருக்கிறது.

மறுபக்கத்தையும் பாருங்கள். கார்லோ அகுடிஸ் என்ற இத்தாலியப் பையன், 1991இல் பிறந்து 2006இல் புற்றுநோயால் இறந்தவன். கம்ப்யூட்டரோடே வளர்ந்தவன். வீடியோ விளையாட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று தானே எல்லை வைத்துக்கொண்டான். தன் விசுவாசத்தைச் சொல்ல இணையத்தைப் பயன்படுத்தினான். 2025 செப்டம்பர் 7இல் கத்தோலிக்கத் திருச்சபை அவனைப் புனிதன் என்று அறிவித்தது. இவனும் இதே கலாசாரத்தில் இருந்தவன்தானே?

நடுவர் அம்மா, மணி அடித்துவிட்டீர்கள். முடிக்கிறேன். மணி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, அதைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது. தம்பிக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது.

எனக்கு ஓர் அக்கா உண்டு. அவருடைய மாமியார் பக்கவாதம் வந்து மூன்றரை வருடம் படுக்கையில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அக்கா போனில் அலாரம் வைத்தார். இரண்டு, நாலு, ஆறு, எட்டு. இரவிலும் அப்படியே. முதல் சில மாதங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அக்காவுக்கு அழுகை வரும். ஆராதனைக்குப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. "எனக்கு ஜெபமே போய்விட்டது, நான் மார்த்தாள் ஆகிவிட்டேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்று இயேசு சொன்னாரே, அந்த மார்த்தாள்.

ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணி. அலாரம் அடிக்கிறது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து, ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்து, ஒரு கையை இடுப்புக்கு அடியில் கொடுத்து, புரட்டுகிறார். அந்த நேரத்தில் வாய் தானாக, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று முணுமுணுத்திருக்கிறது.

அந்த அம்மாவுக்கு எட்டு மாதமாகப் பேச்சே கிடையாது. பெற்ற மகனின் பேரைக் கூடச் சொல்ல வரவில்லை. அந்த இருட்டில், குழறிக் குழறி, "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்றாராம்.

அக்கா அப்படியே நின்றுவிட்டார். புரட்டியது பாதி, புரட்டாதது பாதி. இருவருமாக முழு ஜெபத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் முதுகுக்குப் பின்னால் தலையணையை வைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டலுக்கும் ஒரு பரமண்டல ஜெபம். பெனடிக்ட் சபைத் துறவிகளின் பழைய ஒழுங்கில் பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை ஜெபம். என் அக்கா ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை ஜெபித்தார். துறவிகளுக்குக் கோபுரத்து மணி. அக்காவுக்கு அதே போன், அதே அலாரம், முன்பு அழ வைத்த அதே சத்தம்.

மாமியார் போய் இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் அக்கா வீட்டில் இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு அந்த அலாரம் அடித்தது. பேசிக்கொண்டிருந்த அக்கா எழுந்தார். அந்த அறைக்குள் போனார். கட்டில் இருந்தது, படுக்கையில் யாரும் இல்லை. கட்டிலோரமாக நின்று ஜெபித்துவிட்டு வந்தார்.

"இன்னும் ஏன் அக்கா இதை அணைக்கவில்லை?" என்று கேட்டேன்.

"இந்நேரம் யாரோ ஒருத்தர் புரட்டிப் போட ஆள் இல்லாமல் படுத்திருப்பாங்களே, அவங்களுக்காக" என்றார்.

தம்பி, அன்று இரவே என் போனிலும் அந்த மணியை வைத்துவிட்டேன். மேடையில் சத்தம் வரக் கூடாது என்று இன்று ஒலியை நிறுத்தியிருந்தேன். நாலு மணி தாண்டிவிடப் போகிறதே என்றுதான் மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்தபோது சரியாக நாலு. நீங்கள் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

அடுத்தது ஆறு மணிக்கு. தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தப் பக்கத் தூணோரமாக நின்றுகொண்டிருப்பேன் தம்பி. நீங்களும் வந்தால் சேர்ந்தே சொல்லலாம்.

நன்றி, வணக்கம்.