கல்லுக்குள் ஒரு காது

(மார்த்தாண்டம் பக்கத்து ஊர் ஒன்றில், நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி இழுத்துப் போட்டே களைத்துப்போன நூலகர் அம்மா அவர்களே, மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, கோயில் நிர்வாகக் குழுச் செயலாளர் அவர்களே, ஜமாத் தலைவர் அவர்களே, பேரூராட்சி உறுப்பினர்களே, எனக்கு ஏழாம் வகுப்பில் அறிவியல் நடத்தி, இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என் தமிழைத் திருத்தக் காத்திருக்கும் தலைமையாசிரியர் சார் அவர்களே, பின்னால் நிற்கும் மக்களே, வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நூலகத்துக்கே கொடுத்துவிடுகிறேன், மேசை விரிப்பாக ஆகும்.

பரிணாமம் நடந்ததா, எப்படி நடந்தது, டிஎன்ஏ என்ன சொல்கிறது என்று மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: “குரங்கு மனுஷனா மாறினதை நீரு பாத்தீரா?” பார்க்கவில்லை. இன்றிருக்கும் குரங்கு எதுவும் மனிதனாக மாறியது என்று டார்வினும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதுதான் பேச்சு. ஆனால் நம் பெரியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று கேலி உண்டு. இன்றும் சொல்வேன், ஒரு தடவையோடு விடப்போவதும் இல்லை.

இடவப்பாதி மழையை, அதாவது தென்மேற்குப் பருவமழையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெய்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் பெய்கிறது என்று 1686-ல் எட்மண்ட் ஹாலி ஒரு விளக்கம் கொடுத்தார்: நிலம் சூடாகிறது, கடல் காற்று உள்ளே வருகிறது. பின்னால் வந்தவர்கள் பூமியின் சுழற்சியைச் சேர்த்தார்கள், இன்னும் என்னென்னவோ சேர்த்துத் திருத்தினார்கள். விளக்கம் திருந்தியதே தவிர, மழை பொய் என்று ஆகிவிடவில்லை. பரிணாமமும் அப்படித்தான். உயிர்கள் மாறி வந்திருக்கின்றன என்பது நடந்த உண்மை. எப்படி மாறின என்பதற்கான விளக்கம் கோட்பாடு. 1858-ல் டார்வினும் வாலஸும் இயற்கைத் தேர்வைச் சொன்னார்கள்: சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகும். 1968-ல் ஜப்பானின் கிமுரா, மூலக்கூறு அளவில் பல மாற்றங்கள் நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் தற்செயலாகவே நிலைத்துவிடுகின்றன என்றார். பெரிய சண்டை நடந்தது. சண்டை ‘எப்படி’ என்பதில்தான். ‘நடந்ததா’ என்பதில் இல்லை.

சரி, தீர விசாரித்த கதை ஒன்று சொல்கிறேன்.

குளச்சலில் வள்ளத்தில் போகிற எந்தப் பாட்டாவிடமும் ஓங்கலை, அதாவது டால்பினைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், “ஓங்கல் மீன் இல்ல மக்கா, மூச்சுவிட மேல வரும்” என்பார். மீன் வாலைப் பக்கவாட்டில் அடிக்கும். ஓங்கலும் திமிங்கலமும் மேலும் கீழும் அடிக்கும். நாய் பாய்ந்து ஓடும்போது முதுகைப் பாருங்கள், அதே வளைவு. அப்படியானால் இவை நிலத்திலிருந்து கடலுக்குள் போனவையா? சந்தேகம் பழையது. சாட்சி வேண்டுமே!

ஜம்மு காஷ்மீரில் காலாகோட் என்று ஓர் இடம். ரங்கா ராவ் என்ற நம் நாட்டு நிலவியலாளர் அங்கே எலும்பு பதிந்த கற்களைச் சேகரித்தார். இந்தோஹையஸ் என்று 1971-ல் பெயரும் வைத்தார். பூனை அளவில், குளம்புள்ள ஒரு பிராணி. மீதிக் கற்களை உடைத்துப் பார்ப்பதற்குள் இறந்துபோனார். கற்கள் வீட்டிலேயே கிடந்தன. நம் வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று துணி துவைக்கப் போயிருக்கும், ஒன்று கோழிக்கூட்டுக்கு அண்டை கொடுத்திருக்கும், மிச்சத்தை மருமகன் வந்து மதில் கட்டியிருப்பார். ரங்கா ராவின் மனைவி ஒன்றையும் வீசவில்லை. வருடக்கணக்கில் காத்துவைத்து, அமெரிக்காவில் திமிங்கல ஆய்வு செய்த தெவிசன் என்பவர் கைக்குக் கொடுத்தார். அங்கே ஆய்வக உதவியாளர் ஒருவர் மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது கை தவறி உடைத்துவிட்டார். திட்டு வாங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? உடைந்த இடத்தில் காதெலும்பு தெரிந்தது. ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்த எலும்பு. அந்தத் தடிப்பு திமிங்கலக் குடும்பத்தின் அடையாளம்! கால் எலும்புகளும் நீர்யானைக்குப் போல் கனமாக இருந்தன. தண்ணீரில் நடந்த பிராணி. ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டு முந்தையது. 2007-ல் உலகம் முழுக்கச் செய்தி ஆனது.

யாரும் கண்ணால் பார்க்கவில்லை. தீர விசாரித்தார்கள்.

கல் என்றதும் எனக்கு வேறொன்று சொல்லாமல் இருக்க முடியாது. என்னைக் கூப்பிட்டபோதே தலைவருக்கு அது தெரியும். காலாகோட்டில் கல்லை உடைத்தார்கள், காது கிடைத்தது. நம் மலையை உடைக்கிறோம், ஜல்லி கிடைக்கிறது. அந்த ஜல்லியும் டாரஸ் லாரியில் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடுகிறது, ரோட்டுக் குழி மட்டும் நமக்கு.

“நம்ம பாறையில எலும்பு ஏது சார்?” என்று கேட்பீர்கள். உண்மை, இது பூமிக்கடியில் வெந்து உருமாறிய பழம்பாறை. ஆனால் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரோடு இருக்கிற சாட்சி உண்டு. 2003-ல் இடுக்கியில் ஊதா நிறத் தவளை ஒன்றைக் கண்டறிந்து பெயரிட்டார்கள். அதன் மிக நெருங்கிய சொந்தம் இருப்பது கடலுக்கு அப்பால் செஷல்ஸ் தீவுகளில்! தவளை நீந்திப் போகவில்லை. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து பிரிந்தவை. 2017-ல் அதன் உறவு இனம் ஒன்றை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் விவரித்தார்கள். வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும் பிராணி. அதன் தலைப்பிரட்டை, வாயால் பாறையைக் கவ்விக்கொண்டுதான் ஓடைப் பாய்ச்சலில் தாக்குப்பிடிக்கிறது. அந்தப் பாறைக்கு வெடி வைத்தால் எதைக் கவ்வும்? நம் மலையில் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று விசாரிக்கும் முன்பே மலையைக் காலி செய்தால், அப்புறம் எங்கே போய்த் தீர விசாரிப்பது?

டிஎன்ஏ பற்றி ஒரு வரி: திமிங்கலத்துக்கு இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று அதுவும் சொல்கிறது. மீதியைக் கேட்க வேண்டிய இடம் பத்தாம் வகுப்பு ஆசிரியர். தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் பரிணாமம் ஒரு முழு அத்தியாயமாக இருக்கிறது.

மலையை உடைப்பதற்கு எதிராக வாசலில் மனுத்தாள் வைத்திருக்கிறோம். திங்கள்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். பெயர், ஊர், கையெழுத்து மூன்றும் வேண்டும். மேடையில் இருக்கும் பெரியவர்கள் முதலில் போட்டால் கூட்டம் பின்னால் வரும். பேனா என்னிடம் இருக்கிறது.