எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி நாளில் விக்கெட் கீப்பராக நின்றவன் நான். மட்டை பிடிப்பவனைப் பற்றியும் பந்து வீசுபவனைப் பற்றியும் ஊரே பேசும். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிறவனைப் பற்றி, அவன் பந்தை நழுவவிட்ட அன்றைக்குத்தான் பேசுவார்கள். அந்த ஆதங்கத்தில்தான், பேஸ்பால் ஆட்டத்தில் அதே இடத்தில் உட்காருகிற கேட்சர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர் யோகி பெர்ரா.

பெயர் நம்மூர்ப் பெயராக இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அவருடைய பெயர் லாரன்ஸ் பீட்டர் பெர்ரா. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழ்ந்த பகுதியில் 1925இல் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மைதானத்தில் தன் முறை வரும்வரை சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இந்தியாவைப் பற்றிய படம் ஒன்றில் ஒரு யோகியைப் பார்த்திருந்த நண்பர் அந்தப் பெயரை வைத்தார். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

கேட்சரின் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முகத்தில் கம்பி வைத்த முகமூடி, நெஞ்சில் கவசம், கையில் தடித்த கையுறை. ஒவ்வொரு பந்துக்கும் குந்தி உட்கார வேண்டும், ஓர் ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல். விரல்களைக் காட்டி, அடுத்து எந்தப் பந்து என்று வீசுபவருக்குச் சைகை செய்ய வேண்டும். இதைக் கவனியுங்கள்: களத்தில் நிற்கிற ஒன்பது பேரில் எட்டுப் பேர் மட்டை பிடிப்பவரைப் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர்தான் அந்த எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யார் சோர்ந்திருக்கிறார், யார் தப்பான இடத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். பேஸ்பாலில் கேட்சராக இருந்த பலர் பயிற்சியாளர் ஆவதற்கு இதுதான் காரணம் என்று நான் திடமாக நம்புகிறேன்.

1946இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது பெர்ரா நல்ல கேட்சர் இல்லை. அடிப்பார், அபாரமாக அடிப்பார். ஆனால் 1947 இறுதித் தொடரில் புரூக்ளின் அணிக்காரர்கள் அவரை ஒரு பொருட்டாக மதிக்காமல் அடுத்த தளத்துக்கு (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்தான் தளங்கள்) ஓடி ஓடிச் சேர்ந்தார்கள். ஓடுகிறவரைத் தடுக்க, கேட்சர் எழுந்து ஏறக்குறைய 39 மீட்டர் தூரம் சரியாக வீச வேண்டும். அவர் வீசிய பந்து எங்கெங்கோ போனது.

1949இல் பில் டிக்கி வந்தார், அதே அணியின் பழைய கேட்சர். கால் எப்படி வைப்பது, எப்படி எழுந்து வீசுவது, எப்போது எந்தப் பந்தைக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். டிக்கியும் பெர்ராவும் போட்டது ஒரே எண், 8. 1972இல் இருவர் பேரிலும் சேர்த்து அந்த எண்ணுக்கு அணி ஓய்வு கொடுத்தது. குருவுக்கும் சீடனுக்கும் ஒரே சட்டை எண். எனக்கு இதை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது.

அப்புறம் உலகத் தொடர் என்ற அந்த இறுதித் தொடரில் பத்து முறை வெற்றி. இன்றுவரை எந்த ஆட்டக்காரரும் அதை எட்டவில்லை. 1956 உலகத் தொடரில், அக்டோபர் 8 அன்று, யாங்கீஸ் பந்து வீச்சாளர் டான் லார்சன், மட்டை பிடிக்க வந்த 27 முறையும் எதிரணியில் ஒருவரையும் தளத்தில் ஏறவிடாமல் வீசி முடித்தார். சில நாள் முன்பு அதே தொடரில் பாதியிலேயே வெளியேற்றப்பட்டவர் அவர். அன்று பெர்ரா காட்டிய ஒரு சைகையைக்கூட மறுக்கவில்லை என்று லார்சனே சொல்லியிருக்கிறார். கடைசிப் பந்து முடிந்ததும் பெர்ரா ஓடிப்போய் லார்சன்மேல் குழந்தை மாதிரி தொற்றிக்கொண்டார்.

சரி, பயிற்சியாளர் கதைக்கு வருகிறேன். 1964இல் அதே யாங்கீஸுக்கு மேனேஜர் ஆனார். அங்கே மேனேஜர் என்றால் தலைமைப் பயிற்சியாளர். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இன்றைக்கு மேலதிகாரி. அலுவலகத்தில் இதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். ஆகஸ்டில் சிகாகோவில் நான்கு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்று, எல்லோரும் பேருந்தில் விமான நிலையத்துக்குப் போகிறார்கள். பின்னால் பில் லின்ஸ் என்ற ஆட்டக்காரர் மௌத் ஆர்கனில் குழந்தைப் பாட்டு ஒன்றை வாசிக்கிறார். அதை நிறுத்தச் சொல்லி முன்னாலிருந்து பெர்ரா கத்துகிறார். லின்ஸுக்குக் காதில் விழவில்லை, என்ன சொன்னார் என்று கேட்கிறார். இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னார் என்று சக ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் குறும்பாகச் சொன்னாராம். இவர் மறுபடி வாசிக்க, பெர்ரா எழுந்து வந்து மௌத் ஆர்கனைத் தட்டிவிட்டார். லின்ஸுக்கு 200 டாலர் அபராதம்.

பேருந்தே ஸ்தம்பித்தது. எல்லோரையும் அனுசரித்துப் போகிற மனிதர் என்று நினைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அணி வேகமெடுத்து லீக் பட்டத்தை வென்றது. உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. மறுநாளே பெர்ராவுக்கு வேலை போனது. அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? தங்களைத் தோற்கடித்த அணியின் மேனேஜரையே.

நேரம் ஆகிறது என்று சைகை காட்டுகிறார்கள், சுருக்கிச் சொல்கிறேன். 1973இல் நியூயார்க் மெட்ஸ் அணி ஆகஸ்ட் முடிவில் தன் பிரிவில் கடைசியில் கிடந்தது. அதை உலகத் தொடர்வரை கொண்டுபோனார். 1984இல் மறுபடி யாங்கீஸ் மேனேஜர், 1985இல் பதினாறே ஆட்டத்தில் நீக்கினார்கள். உரிமையாளர் நேரில்கூடச் சொல்லவில்லை, ஆள் விட்டுச் சொன்னார். பெர்ரா 14 ஆண்டுகள் அந்த அணியின் மைதானத்தை மிதிக்கவில்லை. 1999இல் உரிமையாளர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஜூலை 18 அன்று பெர்ராவுக்கு விழா. லார்சன் சம்பிரதாயமாக முதல் பந்தை வீச, அன்றைய கேட்சர் ஜோ ஜிரார்டியின் கையுறையைக் கடன் வாங்கிப் பெர்ரா பிடித்தார். கையுறையைத் திருப்பிக் கொடுத்தார், ஆட்டம் தொடங்கியது. டேவிட் கோன் வீசினார், ஜிரார்டி அதே கையுறையால் பிடித்தார். அன்றைக்கும் மட்டை பிடிக்க வந்த 27 முறையும் எதிரணியில் ஒருவர்கூடத் தளம் ஏறவில்லை. ஜிரார்டி பிற்பாடு அதே அணிக்கு மேனேஜர் ஆனார்.

வணக்கம்.