பளபளக்குற வண்டியை விடுங்க, ஹோஸைக் காட்டுங்க

வணக்கம் மக்களே! இன்னிக்கு வேற வீடியோ வர வேண்டியது. அதைத் தள்ளி வச்சுட்டேன், காரணம் எரிச்சல். நேத்து ராத்திரி ஒரு சீரியல் பார்த்தேன், பேர் வேண்டாம். 1890 வாக்குல அமெரிக்காவுல ஒரு சின்ன டவுன், தீப்பிடிக்குது. மணி அடிச்ச அடுத்த ஷாட்டுலயே பித்தளை மினுங்க வண்டி வந்து நிக்குது, தண்ணி பீச்சி அடிக்குது. அவ்ளோதானா? யார் ஓடி வந்தா, சாவி யார்கிட்ட இருந்துச்சு, ஹோஸ் பொத்துக்காம இருந்துச்சா, எதுவுமே கிடையாது!

நம்ம பழைய பம்ப் வீடியோவெல்லாம் பார்த்தவங்களுக்குத் தெரியும், எனக்கு வண்டியோட பளபளப்பு மேல சுத்தமா மரியாதை கிடையாது. அந்தக் காலத்துல இன்னொரு கூட்டத்துக்கும் கிடையாது. இன்சூரன்ஸ்காரங்க! தீயணைப்புப் படை உண்மையிலேயே தயாரா இருக்கான்னு நோண்டி நோண்டிப் பார்த்தவங்க அவங்கதான், ஏன்னா ஊர் எரிஞ்சா காசு அவங்க பையிலேர்ந்து போகும்.

இங்க ஸ்கிரீனைப் பாருங்க. இது சான்பார்ன் மேப், எந்தக் கட்டடம் எரியும்னு இன்சூரன்ஸ்காரங்க கணக்குப் போட வரைஞ்ச ஊர் மேப். 1867ல ஆரம்பிச்ச கம்பெனி, கிட்டத்தட்ட 12,000 ஊரை வரைஞ்சு வச்சிருக்காங்க. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதுல பெரும்பகுதியை ஆன்லைன்ல சும்மா தர்றாங்க. செங்கல் கட்டடம்னா ரோஸ் கலர், மரம்னா மஞ்சள். ஒரு தெரு முழுக்க மஞ்சளா இருந்தா ஊருக்கே போகாம ஆபீஸ்ல உக்காந்தே ஒருத்தர் பயந்துக்கலாம். ஆனா எனக்குப் பிடிச்சது முதல் ஷீட்டோட ஓரம்தான். மக்கள்தொகை, காத்து பெரும்பாலும் எந்தப் பக்கம் அடிக்கும், தண்ணி எங்கேர்ந்து வருது, தீயணைப்புப் படையில தன்னார்வலர் எத்தனை பேர், கைபம்ப், அதாவது ஆளுங்க கையால அடிக்குற பம்ப் வண்டி எத்தனை, ஹோஸ் எத்தனை அடி. நாலஞ்சு வரியில ஊரோட தலையெழுத்தே இருக்கு!

இப்ப இந்த ஷீட்டைப் பாருங்க. ஹோஸ் எத்தனை அடின்னு போட்டிருக்குற இடத்துல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்டியிருக்கு, தெரியுதா? ஊர் கொஞ்சம் மாறினா ஒவ்வொரு தடவையும் புது மேப் அச்சடிக்க மாட்டாங்க, திருத்தின துண்டை ஆள் விட்டு மேலேயே ஒட்டிடுவாங்க. நல்ல ஐடியாதான். ஆனா கீழ இருந்த பழைய நம்பர் என்ன? பெருசாக்கிப் பார்த்தேன், கான்ட்ராஸ்டை ஏத்தினேன், கலரை மாத்தினேன். ராத்திரி தூக்கமே போச்சு. முதல்ல ஒரு மூணு மாதிரி தெரிஞ்சுது. இல்ல, அஞ்சு. ஹோஸ் 300 அடியா இருந்து கூடுச்சா, இல்ல 500 அடியா இருந்து அழுகிப் போய்க் கொறைஞ்சுதா? அந்த ஊர் முன்னேறுச்சா, கவுந்துச்சா? ஒட்டினவர் பசையைக் கொஞ்சம் கஞ்சத்தனமா தடவியிருக்கக் கூடாதா? சரி, விடறேன்.

விட முடியல. ஏன்னா ஹோஸ்தான் விஷயமே! அந்தக் காலத்து ஹோஸ் முதல்ல தோல். 1800களோட தொடக்கத்துல ஃபிலடெல்ஃபியாவுல தையலுக்குப் பதிலா செம்பு ரிவெட் அடிச்சாங்க, அதுக்கப்புறம்தான் பிரஷர் தாங்குச்சு. தோல்னா எண்ணெய் தடவிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா காஞ்சு வெடிச்சுடும். பிறகு உள்ள ரப்பர் வச்ச பருத்தி ஹோஸ் வந்துச்சு. அதைக் காய வைக்காம சுருட்டினா பூஞ்சை பிடிச்சு இத்துப் போகும், ஒரே மடிப்புல மாசக்கணக்கா வச்சா அந்த மடிப்புலயே விட்டுப் போகும். பழைய ஃபயர் ஸ்டேஷன் மேல உயரமா ஒரு கோபுரம் நிக்குதே, அதுக்குப் பாதிக் காரணம் ஹோஸைத் தொங்க விட்டுக் காய வைக்கத்தான். மேல மணி மாட்டுறது கூடுதல் லாபம். நான் இன்ஸ்பெக்டரா இருந்தா வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். நேரா ஹோஸைப் பிரிச்சு மடிப்பைத் தடவிப் பார்ப்பேன்.

கைபம்பும் லேசுப்பட்டது இல்ல. பெரிய வண்டின்னா ரெண்டு பக்கமும் சேர்த்து நாப்பது அம்பது பேர் நீளக் கட்டையைப் பிடிச்சு நிமிஷத்துக்கு அறுபது தடவை அடிக்கணும். சில நிமிஷத்துலயே மூச்சு வாங்கி அடுத்த கூட்டத்துக்கு விடணும். உள்ள இருக்குற தோல் வாஷர் காஞ்சிருந்துச்சுன்னா எத்தனை பேர் அடிச்சாலும் காத்துதான் வரும். இது தெரிய ஒரே வழி, அடிச்சுப் பார்க்குறதுதான். நியூ இங்கிலாந்து பக்கம் இதுக்குப் போட்டியே நடத்தினாங்க. தரையில பேப்பர் விரிச்சு வச்சு, கடைசிச் சொட்டு எங்க விழுந்துச்சுன்னு டேப் பிடிச்சு அளப்பாங்க. இதைத்தான் அந்த சீரியல்ல காட்டியிருக்கணும்!

ஆங், மணியைச் சொல்லாம வந்துட்டேன். பல சின்ன ஊர்ல மணிகூடக் கிடையாது. ரயில் எஞ்சின் சக்கரத்தோட இரும்புப் பட்டையைத் தொங்க விட்டு சம்மட்டியால அடிப்பாங்க. வண்டிக்குன்னு தனியா குதிரை வச்சுக்க வசதி இல்லாத ஊர் ஏராளம். எவனாவது தன் குதிரையை ஓட்டிட்டு வரணும், முதல்ல வந்தவனுக்குக் காசு. இல்லேன்னா ஆளுங்களே கயிறு பிடிச்சு இழுக்கணும்.

அடுத்தது கப்ளிங், அதாவது ஹோஸை மாட்டுற மரை வச்ச இணைப்பு. இதுக்கு நான் அரை மணி நேரம் பேசுவேன், எடிட்ல வெட்டிடுவேன், பயப்படாதீங்க. 1904 பிப்ரவரி 7, பால்டிமோர்ல பெரிய தீ. பெரிய ஊர்தான், ஆனா பாடம் எல்லா ஊருக்கும். வாஷிங்டன்லேர்ந்து ரயில்ல வண்டியோட வந்து இறங்கினாங்க. ஹோஸை ஹைட்ரண்ட்ல, அதாவது தெருவுல இருக்குற தீயணைப்புத் தண்ணிக் குழாய்ல மாட்டப் போனா, மரை சேரல! கித்தான் துணியைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டுச் சமாளிச்சிருக்காங்க. 1,500 கட்டடத்துக்கு மேல போச்சு. அப்புறம் விசாரிச்சப்போ நாடு முழுக்க 600க்கு மேல வெவ்வேற அளவு இருந்தது தெரிஞ்சுது. பக்கத்து ஊர் உதவிக்கு வரும்னு நம்பிட்டிருந்த ஒரு டவுனாவது, பக்கத்து ஊர் ஹோஸைக் கொண்டாந்து தன் ஹைட்ரண்ட்ல ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தா?

1905ல ஒரு அளவு முடிவாச்சு. ரெண்டரை இஞ்ச் ஹோஸுக்கு, இஞ்சுக்கு 7.5 மரை. அது என்ன அரை? இங்கதான் நான் எழுந்து நின்னு கை தட்டினேன். ஏற்கனவே பரவலா இருந்தது 7ம் 8ம். ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணை மொத்தமாத் தூக்கிப் போடணும். நடுவுல 7.5ல நின்னா, ரெண்டு வகையையுமே டூல் வச்சுக் கொஞ்சம் செதுக்கிச் சேர வச்சுடலாம். காசில்லாத சின்ன ஊர் புதுசா எதுவும் வாங்க வேண்டாம்! எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ. இந்த அரை மரைக்கு ஒரு சிலை வைக்கலாம், எஞ்சினுக்கு வச்சது போதும்.

பால்டிமோர் தீக்கு அப்புறம்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகளோட தேசிய வாரியம் இன்ஜினியர்களை ஊர் ஊரா அனுப்பிச்சு. சின்ன ஊர்களை அந்தந்தப் பகுதி ரேட்டிங் பீரோ, அதாவது இன்சூரன்ஸுக்காக ஊரைத் தரம் பிரிக்குற ஆபீஸ், பார்த்துக்கிச்சு. ஹைட்ரண்டைத் திறந்து, பீறிட்டு வர்ற தண்ணிக்கு நடுவுல பிட்டோ குழாய்னு ஒரு சின்ன அளவுக் குழாயைப் பிடிச்சு, மீட்டர்ல பிரஷரைப் படிச்சு, நிமிஷத்துக்கு எத்தனை கேலன்னு கணக்குப் போடுவாங்க. "எங்க ஊர்ல தண்ணிக்குக் குறைவே இல்ல"ன்னு மேயர் பக்கத்துல நின்னு பேசினா, பேசட்டும். முள்ளு சொல்றதுதான் கணக்கு.

1916ல மார்க் ஷீட்டே வந்துடுச்சு. தலைகீழ் மார்க். மொத்தம் 5,000, எல்லாமே குறைக்கான புள்ளி. தண்ணிக்கு 1,700, தீயணைப்புப் படைக்கு 1,500, அலாரத்துக்கு 550. கவனிச்சீங்களா? எல்லாத்துக்கும் மேல தண்ணி! வீரத்துக்குன்னு மார்க் ஷீட்டுல ஒரு கட்டமே கிடையாது. தன்னார்வலர் பல பேர் சேர்ந்தாத்தான் ஒரு சம்பள ஆளுக்குச் சமம்னு வேற வச்சிருந்தாங்க. இது சின்ன ஊர்க்காரங்களுக்குக் கண்டிப்பா வலிச்சிருக்கும், எனக்கே கொஞ்சம் வலிக்குது. ஆனா நடுராத்திரி இரும்புப் பட்டையை அடிச்சா எத்தனை பேர் வருவாங்கன்னு யாரால உறுதி சொல்ல முடியும்? 4,500 புள்ளிக்கு மேல போனா ஊருக்குப் பத்தாம் வகுப்பு, இருக்குறதுலயே மோசமான தரம், அதாவது படையே இல்லாத மாதிரி. ஸ்டேஷன்ல எத்தனை பித்தளை மினுங்கினாலும் சரி.