வெள்ளி ரூபாயின் உலோகச் சான்று

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா தலையோ ஐந்தாம் ஜார்ஜ் தலையோ பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றேனும் பீரோவில் கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 1835 முதல் 1939 வரை அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி, எஞ்சியது பெரும்பாலும் செம்பு. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 ரூபாயிலோ நிக்கல்தான், வெள்ளியே இல்லை. எனவே, காசிலுள்ள ஆண்டே அதன் உலோகம் எதுவாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

நகைக்கடையில் காரட் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவி காசைச் சிறிதும் சேதப்படுத்தாமல் அதைச் சோதிக்கும். ஆனால் அது காண்பது காசின் மேல்தோலை மட்டுமே. தடித்த வெள்ளி முலாம் அதை ஏமாற்றிவிடும். நெடுங்காலம் மண்ணில் புதைந்திருந்த காசில் மேற்பரப்புச் செம்பு அரித்துப்போயிருப்பதால், உள்ளதைவிடக் கூடுதலான வெள்ளியைக் காட்டுவதும் உண்டு.

ஆகவே அடர்த்தியையும் பார்க்கவேண்டும். மின்னணுத் தராசில் நீர்க் குவளையை வைத்து எடையைச் சுழியாக்கி, ரூபாயை நூலில் கட்டி, அடியில் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். காசின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 10.3 வரவேண்டும். தேய்ந்த காசின் எடை குறையும். இந்த விகிதம் மாறாது. செம்பு, துத்தநாகக் கலவைப் போலிகள் 9ஐக்கூட எட்டுவதில்லை.

இவற்றில் தேறினால் காசு அசல்தானா? இல்லை என்பதையே நான் எப்போதும் வலியுறுத்துவேன். நாணயம் சேர்க்கும் அன்பர் ஒருவர், கிடைத்தற்கரிய 1939ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றைப் பெரும் விலை கொடுத்து வாங்கி வந்தார். கருவி 91.7 என்றது, அடர்த்தியும் பொருந்தியது, அவர் முகத்தில் பெருமிதம். உருப்பெருக்கியில் கடைசி இலக்கத்தைப் பார்த்தபோதுதான், அந்த 9 ஒரு காலத்தில் 8ஆக இருந்ததும், அதன் கீழ்வளையத்தின் இடப்பக்கத்தை யாரோ நுண்ணிய உளியால் செதுக்கியெடுத்ததும் தெரிந்தது. எளிதில் கிடைக்கும் 1938 ரூபாய் அது! உலோகம் அசல், காசும் அசல், ஆண்டு மட்டும் பொய். உலோக ஆய்வு ஒரு காசைப் போலி என்று உறுதியாகச் சொல்லக்கூடும். அசல் என்று தனியாகச் சொல்லிவிட முடியாது. (சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கிய காசில் இத்தகைய தடயமும் மங்கிவிடும், தயவுசெய்து துலக்காதீர்கள்.)

நேரம் நெருங்கிவிட்டது; சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளியை ஈயத்தோடு உருக்கித் தூய்மையாக்கும் பழைய புடமிடும் முறையில், அதில் இயல்பாகக் கலந்துள்ள சிறிதளவு தங்கம் பிரிவதில்லை. மின்பகுப்பால் தூய்மையாக்கிய இக்கால வெள்ளியில் அது அநேகமாக இராது. முகலாயர் காசு என்று விற்கப்படுவதில் தங்கத்தின் சுவடே இல்லையெனில் ஐயப்படுங்கள். பழங்காசுகளை உருக்கி அடித்த போலி இதிலும் தப்பும். வணக்கம்.