நானூறு முறை சொன்ன பாடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

யூதர்களின் சமயப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். சொல்வதற்கு எத்தனையோ செய்திகள் இருந்தாலும், நெடுங்காலமாக என் மனத்தை விட்டு அகலாத கேள்வி ஒன்றுதான்: சொன்னதை உடனே விளங்கிக்கொள்ளாத பிள்ளையை அந்த மரபு எப்படி நடத்தியது?

யூதச் சமயச் சட்டங்களையும் அறிஞர்களின் விவாதங்களையும் தொகுத்த பழம்பெரும் நூலான பாபிலோனியத் தல்மூதில் ‘பாவா பத்ரா’ என்றொரு பகுதி உண்டு. சுவர், முற்றம், வழிநடை என்று அண்டை வீட்டாருக்குள் வரும் வழக்குகளைப் பேசும் சட்டப் பகுதி அது. பல குடும்பங்கள் சேர்ந்து புழங்கும் முற்றத்தில் ஒருவர் கடை வைத்தால், ஆள் நடமாட்டத்தால் தூக்கம் கெடுகிறது என்று மற்றவர்கள் தடை சொல்லலாம். ஆனால் பிள்ளைகள் படிக்கும் சத்தத்துக்கு யாரும் தடை சொல்ல முடியாது என்கிறது சட்டம். ஏன் முடியாது என்று விளக்க வந்த இடத்தில்தான் பள்ளிக்கூடம் பிறந்த கதையே சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் தந்தையே மகனுக்குக் கற்பித்தார்; தந்தையை இழந்த பிள்ளைக்குக் கற்பிக்க ஆளில்லை. பிறகு எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். தந்தை உள்ள பிள்ளைதான் அங்கேயும் போய்ச் சேர முடிந்தது. அடுத்து வட்டாரந்தோறும் ஆசிரியர்களை வைத்து, பதினாறு, பதினேழு வயதில் சேர்த்தார்கள். ஆசிரியர் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன்கள் எதிர்த்துக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியில் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியர் இருக்க வேண்டும், ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். ஒவ்வொரு முறையும் விடுபட்டுப்போன பிள்ளை யார் என்று பார்த்து ஏற்பாட்டைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அதே பக்கத்தில் வகுப்பின் அளவும் வரையறுக்கப்படுகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள். 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள். 40 பேர் இருந்தால் ஊரார் செலவில் ஓர் உதவியாளர். ராவ் என்னும் பேரறிஞர், ஷ்முவேல் பார் ஷிலாத் என்ற பள்ளி ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையும் அங்கேதான் வருகிறது. அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரைத் தவிர வேறு எதனாலும் அடிக்காதே. படிக்கிறவன் படிக்கட்டும், படிக்காதவன் தன் தோழனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும் என்பது அதன் சாரம். வாரால் அடிப்பதையும் இன்று நாம் ஏற்க மாட்டோம்; ஏற்கவும் கூடாது. ஆனால் படிப்பு ஏறாத பிள்ளையை வெளியே அனுப்பிவிடு என்று சொல்லாமல், நண்பனுக்குப் பக்கத்திலேயே இருக்க விடு என்று சொன்ன அந்த வார்த்தையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிற்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் யூதச் சிற்றூர்களில் இந்தப் பள்ளிக்கு ‘ஹேதர்’ என்று பெயர். எபிரேய மொழியில் அதற்கு அறை என்பதே பொருள். பெரும்பாலும் அது ஆசிரியரின் வீட்டு அறையாகவே இருந்தது. ‘மெலாமெத்’ எனப்பட்ட அந்த ஆசிரியர் பெற்றோர் தரும் கட்டணத்தில் வறுமையோடு காலம் தள்ளுபவர். பையன்கள் முதலில் எழுத்துகளைப் படித்து, பிறகு யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் எபிரேயச் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்து, அதற்குரிய, வீட்டில் பேசும் இத்திஷ் மொழிச் சொல்லை இராகத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தில் தொடங்காமல், பலிமுறைகளைச் சொல்லும் லேவியராகமத்தில் தொடங்குவது பழைய வழக்கம். பலிகளும் தூய்மையானவை, குழந்தைகளும் தூய்மையானவர்கள், ஆகவே தூயவர்கள் வந்து தூயவற்றைக் கற்கட்டும் என்று காரணம் சொன்னார்கள். அழகான காரணம்தான் என்றாலும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது கடினமான வாசல் என்றே எனக்குப் படுகிறது. பிரம்புக்கு அஞ்சி அழுத பிள்ளைகளும் அந்த அறைகளில் இருந்தார்கள். பொறுமையற்றவன் கற்பிக்கத் தகுதியற்றவன் என்று பழங்கால யூத ஞானி ஹில்லெல் சொன்னதை எல்லா மெலாமெதுகளும் கடைப்பிடித்துவிடவில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. முறையான சமயப் பள்ளி அவர்களுக்குக் கிடைக்க மிகவும் தாமதமானது. போலந்தின் கிராக்கோவ் நகரில் தையல் வேலை செய்துவந்த சாரா ஷெனிரர் என்னும் பெண்மணி 1917-இல் சிறுமிகளுக்கென்று தொடங்கிய பள்ளிதான் ‘பெய்த் யாக்கோவ்’ என்ற பெரிய இயக்கமாக வளர்ந்தது.

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இந்த மரபு தரும் மிக ஆழமான விடை, தல்மூதின் ‘எருவின்’ பகுதியில் இருக்கிறது. சமய ஆசானான ரப்பி பெரெய்தாவுக்கு ஒரு மாணவன் இருந்தான். எந்தப் பாடத்தையும் நானூறு முறை சொன்னால்தான் அவனுக்கு ஏறும், அவரும் சொல்வார். ஒருநாள், அறச்செயல் ஒன்றுக்காக வரவேண்டும் என்று அவரை அழைத்திருந்தார்கள். அன்று வழக்கம்போல் பாடம் சொல்லியும் அவனுக்கு ஏறவில்லை. இன்று மட்டும் என்ன என்று கேட்டார். உங்களைக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து, இதோ எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், மனம் பாடத்தில் நிற்கவில்லை என்றான் அவன். மனத்தை இங்கே வை, சொல்லித்தருகிறேன் என்று, அவர் மறுபடியும் நானூறு முறை சொன்னார். நானூறு என்ற எண்ணைவிட, அன்று ஏன் ஏறவில்லை என்று அவனிடமே கேட்டாரே, அதைத்தான் நான் ஆசிரியத் தொழிலின் உயிர் என்று கருதுகிறேன். குறை பிள்ளையின் மூளையில் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டவில்லை. ஆசிரியர் போய்விடுவாரோ என்ற அச்சம்கூடப் படிப்பைத் தடுக்கும் என்பது அந்தக் கேள்வியால்தான் வெளிவந்தது.

முன்பு சொன்ன ஷ்முவேல் பார் ஷிலாத்தைப் பற்றியும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அவர் ஒருநாள் தம் தோட்டத்தில் நிற்பதை ராவ் பார்த்துவிட்டு, நம்பி ஒப்படைத்த பொறுப்பைக் கைவிட்டுவிட்டீரா என்று கேட்டார். அதற்கு அந்த ஆசிரியர், இந்தத் தோட்டத்தைப் பார்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இப்போதும் என் மனம் பிள்ளைகளிடத்தில்தான் இருக்கிறது என்றார்.

நன்றி, வணக்கம்.