அந்த ஒரு வரியை விட்டது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'மக்கள் தொடர்புத் துறையில் நேர்மையைக் காப்பது தொழில் விதிகளா, தனிமனித மனசாட்சியா?' மனசாட்சிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2017-ஐ எடுத்துக்காட்டினார். தென்னாப்பிரிக்காவில் குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் நிறுவனத்துக்காக இனப் பகையைக் கிளறும் பிரசாரம் செய்தது லண்டனின் மக்கள் தொடர்பு நிறுவனமான பெல் பாட்டிங்கர். பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கம் அதை வெளியேற்றியது, சில நாட்களிலேயே அந்த நிறுவனம் நொடித்துப் போனது, விதியின் பலத்தைப் பாருங்கள் என்றார். சரி. ஆனால் அந்தப் பிரசாரம் நடந்தபோது பெல் பாட்டிங்கர் அதே சங்கத்தில் உறுப்பினர்தானே? அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்தானே? வெள்ளம் வடிந்த பிறகு போட்ட அணை அது, ஐயா.

இந்தத் தொழிலில் பச்சைப் பொய் எழுது என்று யாரும் சொல்வது அபூர்வம். 'அந்த ஒரு வரி வேண்டாமே' என்பார்கள். அவ்வளவுதான்.

1990 அக்டோபர் 10, வாஷிங்டன். அமெரிக்க எம்.பி.க்களின் மனித உரிமைக் குழு முன் 15 வயதுச் சிறுமி ஒருத்தி அழுதபடி பேசினாள். குவைத் மருத்துவமனையில் ஈராக் வீரர்கள் இன்குபேட்டரிலிருந்து பச்சைக் குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டதைப் பார்த்தேன் என்றாள். நயீரா என்ற பெயரை மட்டும் சொன்னார்கள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992-இல்தான் வெளியே வந்தது. அதற்குள் குவைத்துக்காக அமெரிக்கா ஈராக்கோடு நடத்திய போரே முடிந்துவிட்டது. அவள் சொன்ன கதைக்கும் பிற்பாடு விசாரித்தவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அவளைப் பேசத் தயார்செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அந்தக் குழு முறையான நாடாளுமன்றக் குழு அல்ல என்பதால் சத்தியப் பிரமாணம்கூடத் தேவைப்படவில்லை. எந்த விதி இங்கே குறுக்கே வந்தது? 'இவள் தூதரின் மகள்' என்ற ஒரு வரியை யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் கேட்டவர்கள் அப்போதே நாலு கேள்வி கேட்டிருப்பார்கள்.

'வக்கீலும் கட்சிக்காரருக்காகத்தானே பேசுகிறார்' என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நல்ல கேள்வி, அம்மா. வக்கீல் எதை மறைத்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார், மேலே நீதிபதி இருக்கிறார். காலையில் டீயோடு பேப்பர் படிப்பவருக்கு எதிர்த்தரப்பு வக்கீல் யார்? அந்தச் செய்திக்குறிப்பை எழுதியவரின் மனசாட்சியை விட்டால் அவருக்கு வேறு நாதி இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஆலையில் ராத்திரி வாயுக்கசிவு. 'உயிரிழப்பு எதுவும் இல்லை. நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று எழுதினேன். இரண்டும் உண்மை. எட்டுப் பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று மூன்றாவது வரியும் எழுதியிருந்தேன். 'இது எதுக்குப்பா?' என்று மேலாளர் கேட்டார். அவர் அழிக்கவில்லை, நடுவர் அவர்களே. நான்தான் அழித்தேன். அலுவலக விதிகளைத் தாளில் பிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள், என் நாற்காலிக்கு நேர் பின்னால்.

செய்திக்குறிப்பின் அடியில் 'தொடர்புக்கு' என்று ஒரு பெயரும் எண்ணும் இருக்கும். அன்று அது என் பெயர், என் எண். காலை ஏழு மணிக்கு ஒரு நிருபர் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை.

"சார், ஜி.எச்.ல எட்டுப் பேரைப் பார்த்துட்டு வர்றேன். உங்க குறிப்புல அவங்க எங்க சார்?"

அவர் மேலாளரைக் கேட்கவில்லை, சங்கத்தைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நடுவர் அவர்கள் அந்தப் போன் அழைப்பை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.